மீட்டர் நடுவில் நிற்கிறது, படம் வெளுக்கிறது

2008 ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை என்று நினைத்தேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை.

கேமராவுக்கு என்னவோ ஆகிவிட்டது.

வாங்கி இன்னும் பத்து நாள் முழுதாக ஆகவில்லை. என் இரண்டு வளையலும் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை மாதா திருநாள் பூசை முடிந்ததும் வண்டிகளோடு வண்டியாக வரிசையில் நின்று சாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவந்தேன். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது, இன்று மொட்டை மாடியில் சும்மா சோதனைக்கு எடுத்தால் எல்லாம் சுண்ணாம்பு.

அம்மா மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தாள். அதை எடுத்தேன். படத்தில் அப்பளம் காய்கிற மாதிரி இருக்கிறது.

கேமராவுக்குள் வெளிச்சம் அளக்கிற மீட்டர் சரியாக நடுவில்தான் நிற்கிறது. நடுவில் நின்றால் வெளிச்சம் போதும், எடு என்று அர்த்தம். எடுத்தால் வெளுத்துப்போகிறது. நம்பி எடுக்கச் சொல்லிவிட்டுக் காலை வாருகிறது.

பார்த்தவை:
– வெளிச்சம் கூடுதல்/குறைவு அளவு: பூஜ்யம். சரி.
– ஐ.எஸ்.ஓ.: 200. சரி.
– மீட்டர் முறை: மூன்றும் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. மூன்றிலும் சுண்ணாம்பு.
– பேட்டரி: முழுசு.
– லென்ஸ் முன்கண்ணாடி: துடைத்தாயிற்று, இரண்டு முறை.
– என் கண்: அதையும் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன்.

27 புதன், செலின் கல்யாணம். அண்ணன் ஸ்டுடியோவை விட்டுத் தனியாக வந்தபின் நான் படம் எடுக்கிற முதல் கல்யாணம். இன்னும் ஒன்பது நாள்.

ராத்திரிக்கு உப்புமா. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

19, செவ்வாய்

பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. காற்றும் நின்றுவிட்டது. சேர்ந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

பக்கத்து வீட்டு ஜெயா அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. காலேஜ் ஹாஸ்டலுக்கு பாஸ்போர்ட் படம். கேமரா சரியில்லை அக்கா, அண்ணன் ஸ்டுடியோவில் போய் எடுங்கள் என்றேன். கேட்டால்தானே. பின்பக்கச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வெயிலில் நிற்கவைத்து எடுத்தேன். மீட்டர் நடுவில். பிள்ளை முகத்தில் மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு புருவமும் இரண்டு கண்ணும் மட்டும் அந்தரத்தில்.

அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஜெயா அக்கா எட்டிப் பார்த்துவிட்டது.

“எம்மா, எம்மக இம்புட்டு கலரா? ஏண்டி, பாருடி இங்க. பிலோ, இன்னும் ஆறு காப்பி சேத்துப் போடு.”

பிள்ளை வாயெல்லாம் பல். நான் இது தப்பு, முகமே தெரியவில்லை என்று எடுத்துச் சொன்னேன். நல்லா இருக்கிறதைப் போய் கெடுக்கப் பார்க்கிறாயே என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தெருவில் இன்னும் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் கெட்டுப்போன கேமராவுக்குத்தான் கூட்டம் கூடும் போலிருக்கிறது.

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம். அதற்கும் ராத்திரி மறுபடி போன கரண்ட் வந்து விளக்கு எரிந்தால்தான் சுவர் தெரியும்.

20, புதன்

மதுரை கேமரா மெக்கானிக்குக்குப் போன். நாலாவது தடவை எடுத்தார். நடந்தது அப்படியே:

ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன். பேட்டரி போட்டீர்களா. போட்டேன். லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா. மூடி போட்டிருந்தால் படம் கறுப்பாகத்தானே வரும், வெள்ளையாக எப்படி வரும் என்று கேட்டேன். அதற்கு அவர்:

“மேடம், வீட்ல ஜென்ட்ஸ் யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க.”

வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். திரும்ப நானே கூப்பிட வேண்டியதாயிற்று, வேறு ஆள் யார் இருக்கிறார்கள். மீட்டர் போயிருக்கும், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், பதினைந்து நாள் ஆகும் என்றார். ஏழு நாளில் கல்யாணம் என்றேன். அப்ப வேற கேமராவுல எடுங்க என்றார், வேறு கேமரா எங்கள் கொல்லையில் காய்த்துத் தொங்குவது மாதிரி.

வேறு கேமரா ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அண்ணன் கடையில். பதினோரு வருஷம் அங்கே நின்று எடுத்தேன். ஜூன் மாதம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டரை மாதத்தில் கேமரா கேட்டுப் போய் வாசலில் நிற்பதா. செத்தாலும் இல்லை.

செலின் விஷயத்தை எழுதி வைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் ஆறும்.

வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை பார்க்கிற பிள்ளை. நல்ல கறுப்பு, களையான முகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கக் கொடுப்பதற்குப் படம் வேண்டுமென்று மில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். நான்தான் எடுத்தேன். அண்ணன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வழக்கம்போல நாலு படி வெளுப்பாக்கினான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், நடு வீட்டில் அவளை நிற்கவைத்துக்கொண்டே, படத்தில் இருக்கிற பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

மறுவாரம் அவள் கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. படத்தை மேசைமேல் வைத்தாள். “அக்கா, இதுல இருக்கிறவளுக்கே ஒரு மாப்பிள்ளை பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன், ஜனங்கள் கேட்கிறதைத்தானே கொடுக்கிறோம் என்றான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவனுக்கும் எனக்கும்.

இப்போது அவளுக்குக் கல்யாணம். சேவுகம்பட்டி மாப்பிள்ளை. அதே மில், தினம் நேரில் பார்த்தவன். நான் தனியாக வந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுங்கக்கா.”

என்னிடம் இருப்பதோ ஊரையே வெள்ளையடிக்கிற கேமரா.

21, வியாழன்

வெயில். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். நான் அவர்களையும் எடுத்துப் பார்த்தேன். காவியெல்லாம் கோதுமை மாவு.

ஒழுங்காக நோட்டில் குறித்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் ‘பி’ முறையில், கேமரா தானாகவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறபடி:

காலை 6.30, வாசல் – சரி.
காலை 9, மாடி – கொஞ்சம் வெளுப்பு.
12 மணி, மாடி – படு மோசம்.
12.10, அடுப்படி – அருமை. அம்மா மூக்குத்திகூடப் பளிச்சென்று.
3 மணி, தெரு – மோசம்.
6 மணி, வாசல் – சரி.

வெயில் ஏற ஏறக் கெடுகிறது. அடுப்படிக்குள் வந்தால் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அப்படியானால் சூடு. சூட்டில் மீட்டர் மயங்குகிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

கேமராவை பாலிதீன் பையில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அணைவாக மணலில் ஒரு மணி நேரம் வைத்தேன். அம்மா அடுப்படிக்கு வந்து பார்த்தாள்.

“ஏண்டி, அதென்ன தயிரா?”

ஜில்லென்று எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எடுத்தேன். சுண்ணாம்பு. ஜில்லென்ற சுண்ணாம்பு.

மணலைத் தட்டித் துடைக்க அரை மணி நேரம். அம்மாவிடம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. உடனே அண்ணனுக்குப் போன் பண்ணியிருப்பாள்.

22, வெள்ளி

பண்ணிவிட்டாள்.

மத்தியானம் அண்ணன் வந்தான். அவனுக்குப் பிடிக்குமென்று அம்மா நெத்திலி வாங்கி வைத்திருந்தாள், அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் இடது கையால் கேமராவை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். ஜெயா அக்கா மகள் படம் வந்ததும் நிறுத்தினான்.

“நல்லாத்தானே இருக்கு? நான் கம்ப்யூட்டர்ல அரை மணி நேரம் உக்காந்து பண்றதை இது தன்னால பண்ணுது. இதையா ரிப்பேருங்கிற?”

கேலிக்குத்தான் சொன்னான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கோபம் ஏறியது.

ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தாம் தேதி எடுத்த படமெல்லாம் அருமை. பதினைந்தாம் தேதி மந்திரித்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்ததோடு சரி, நான் தொடவில்லை. பதினேழு ஞாயிறு அண்ணன் வந்தான், இருபது நிமிஷம் அதைக் கையில் வைத்து நோண்டினான். பதினெட்டு திங்கள் கெட்டுப்போயிருக்கிறது. நடுவில் கை வைத்தவன் அவன் ஒருவன்தான்.

சொல்லிவிட்டேன்.

“நீ தொட்டதுக்கு அப்புறந்தாண்ணே இப்படி. எதையோ மாத்தி விட்டுருக்க. எல்லாரையும் வெள்ளையடிச்சே பழகுன கைதானே.”

அவன் கேமராவைத் துணிமேல் மெதுவாக வைத்தான். பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். செருப்பை மாட்டும்போது, கல்யாணத்துக்கு என்ன பண்ணப் போகிறாய் என்று மட்டும் கேட்டான். உங்கிட்ட வந்து நிக்க மாட்டேன் என்றேன். பைக்கை உதைத்தான், போய்விட்டான்.

பொறாமை. நான் தனியாக நிற்பது பிடிக்கவில்லை. வேறென்ன. இனிமேல் இந்த நோட்டில் அவனுக்கு ‘அ.’ போதும், முழுசாக எழுதி மை வீண் பண்ண மாட்டேன்.

நெத்திலியை நானும் சாப்பிடவில்லை. பூனைக்கு யோகம்.

23, சனி

தலைவலி. தூறல் பத்து நிமிஷம்.

காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கத்தரிக்காய், மல்லித்தழை, ஒரு பழைய தோல் உறை. உறைக்குள் அ.வின் கை மீட்டர். ஃபிலிம் காலத்தில் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து வெளிச்சம் அளப்பானே, அது. பேட்டரியே வேண்டாம், வெளிச்சம் பட்டாலே முள் ஆடும். யாரையும் தொடவிட மாட்டான்.

கடைப்பக்கம் போயிருந்தாளாம், கொடுத்துவிட்டானாம்.

வேண்டாம், திருப்பிக் கொடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் ஆத்திரத்தில் கல்யாணத்தை விட முடியுமா. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கை மீட்டர் சொன்னதும் கேமரா மீட்டர் சொன்னதும் ஒன்று. மாடியில் ஒன்று. அடுப்படியில் ஒன்று. மர நிழலில் ஒன்று. பன்னிரண்டு இடத்தில் பார்த்தேன், முடி அளவு வித்தியாசம் இல்லை.

அப்படியானால் மீட்டர் கெடவே இல்லை. ஐந்து நாளாகத் திட்டித் தீர்த்தது எல்லாம் உண்மையைச் சொன்னவனை. படம் மட்டும் வெளுக்கிறது. ஏன்? யார் பொய் சொல்கிறார்கள்?

சூடு இல்லை, மீட்டர் இல்லை, அ. மாற்றிவிட்ட ஒரு பொத்தானும் இல்லை (எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோயும் பார்த்துவிட்டேன்). வியாழக்கிழமை குறிப்பைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் கேமரா லென்ஸ் ஓட்டையை எந்த எண்ணில் வைத்து எடுத்தது என்று பக்கத்தில் எழுதினேன்.

அடுப்படி – 4. வாசல் – 4. சரியாக வந்தவை.
காலை 9, மாடி – 5.6. கொஞ்சம் வெளுப்பு.
12 மணி, மாடி – 11. படு மோசம்.

அப்போதுதான் உறைத்தது. வெயில் அதிகமானால் லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் சுருங்கி ஓட்டையைச் சின்னதாக்க வேண்டும். 11 என்றால் நன்றாகச் சுருங்க வேண்டும். இது சுருங்கவே இல்லை. எவ்வளவு வெயிலானாலும் வாயை ‘ஆ’வென்று திறந்தபடியே இருக்கிறது. அடுப்படியில் திறந்திருக்க வேண்டும், திறந்திருக்கிறது, அதனால் சரி. மாடியில் மூட வேண்டும், மூடவில்லை.

மீட்டர் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது. லென்ஸ் அது சொன்னதைக் கேட்கவில்லை.

லென்ஸைக் கழற்றினேன். பின்பக்கம் ஒரு குட்டி நெம்பு இருக்கிறது, அதைத் தள்ளி விட்டால் டக்கென்று பழைய இடத்துக்குத் துள்ள வேண்டும். இது சாப்பிட்டு எழுந்த ஆள் மாதிரி மெதுவாக நகர்ந்து வந்தது. ஏன் என்று பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. நாளை வெளிச்சத்தில்.

24, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கம் காதில் விழவில்லை, நெம்புதான் கண்ணுக்குள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் முற்றத்தில் யாரோ புது லோடு வேன் வாங்கிக்கொண்டு வந்து மந்திரிக்க நிறுத்தியிருக்கிறார்கள். மாலை, எலுமிச்சம்பழம், எல்லாம். முன் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து வைத்து. சாமியாருக்குத் துணையான உபதேசியார் தீர்த்த வாளியோடு நின்றுகொண்டு, “நல்லாத் திறந்து வைங்கப்பா, உள்ளயும் படணும்” என்கிறார். சாமியார் என்ஜின்மேல் நாலு வீச்சு வீசினார்.

அப்படியே நின்றுவிட்டேன்.

பதினைந்தாம் தேதி. எனக்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு டி.வி.எஸ். வண்டி. டிராக்டர்க்காரர் பானெட்டைத் தூக்கினார். டி.வி.எஸ்.காரர் சீட்டைத் தூக்கினார். இதே உபதேசியார், இதே வாளி, இதே வார்த்தை. நான் என்ன செய்தேன்? லென்ஸைக் கழற்றினேன். ஒரு கையில் லென்ஸ், ஒரு கையில் கேமரா, இரண்டின் உள்பக்கமும் மேலே தெரிகிறபடி நீட்டிக்கொண்டு பக்தியாக நின்றேன். நல்லவேளை, சாமியார் கேமரா பக்கம் கொஞ்சம் கருணை காட்டினார். லென்ஸ்மேல் தாராளம். சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, ஈரத்தோடு மாட்டி, பெட்டிக்குள் வைத்தேன்.

அ.விடம்கூடப் போன ஞாயிற்றுக்கிழமை பெருமையாகச் சொன்னேனே, உள்பக்கமும் மந்திரித்தாயிற்று என்று. அவன் ஒரு மாதிரி பார்த்தான். அதற்குத்தான் இருபது நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். நான் அதை நோண்டுகிறான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓட்டமாக வந்து ஜன்னலோரம் லென்ஸைத் திருப்பினேன். நெம்பு ஓடுகிற பள்ளத்தில் வெள்ளையாக ஒரு பொருக்கு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எங்கள் கோயில் தீர்த்தத்தில் கல்லுப்பு போடுவார்கள், அதிலும் திருநாளென்றால் உபதேசியார் கை தாராளம்.

பஞ்சு சுற்றிய காதுக் குச்சி, ஆஸ்பத்திரி ஸ்பிரிட். முக்கால் மணி நேரம். தள்ளுவதும் துடைப்பதும். பதினோராவது குச்சியில் நெம்பு டக்கென்று துள்ளியது. அந்தச் சத்தத்துக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு மாடி. உச்சி வெயில். எண் 11. மிளகாய் வற்றல் சிவப்பு. நல்ல சிவப்பு.

அம்மாவிடம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். “மந்திரிச்ச கேமராடி, எப்படிக் கெட்டுப்போவும்? நானும் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி வச்சேன்ல” என்றாள். சரி என்றேன்.

அ.விடம் சொல்ல வேண்டும். மன்னிப்பும். போனை எடுத்தேன், வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது? மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

25, திங்கள்

ஜாக்கெட் வாங்க டவுனுக்கு வந்த செலின் வீட்டுக்கும் வந்தாள். கல்யாணச் சேலை வெள்ளை, தலைக்கு வெள்ளை வலை. கறுப்பு முகம், சுற்றிலும் வெள்ளை. எந்த மீட்டரும் தடுமாறுகிற இடம். வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அதனால் முகத்துக்குப் பக்கத்தில் கை மீட்டரைப் பிடித்து அளந்தேன். அம்மாவின் வெள்ளைப் போர்வையைத் தலையில் போடச் சொல்லி, கொல்லையில் நிற்கவைத்து நாலு படம்.

கேமராவின் பின்னால் இருந்த குட்டித் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிடிக்கவில்லையோ என்று அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினேன்.

“இது நாந்தான்க்கா” என்றாள்.

டீ குடித்துவிட்டுப் போனாள். மூன்றே முக்கால் பஸ்.

அ.வுக்குப் போன் பண்ணவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும்.

26, செவ்வாய்

நாளைக்கு:
– பேட்டரி 2, இரண்டும் சார்ஜ் ஏறியாயிற்று (கரண்ட் போவதற்கு முன்னால்).
– கார்டு 3.
– ஃபிளாஷ், செல் எட்டு.
– கை மீட்டர்.
– காதுக் குச்சி, ஸ்பிரிட். இருக்கட்டும்.
– வெள்ளைக் கைக்குட்டை, பிஸ்கட்.
– லென்ஸை யார் சொன்னாலும் கழற்றக் கூடாது. சாமியார் சொன்னாலும்.

ஏழே முக்கால் பஸ். கோயில் ஒன்பதரைக்கு. அவர்கள் ஊர்க் கோயில்தான், வேடசந்தூரிலிருந்து உள்ளே.

அம்மா அடுப்படியில் போனில் யாரிடமோ “ஒம்பதரை, ஒம்பதரை” என்று இரண்டு முறை சொன்னாள். யார் என்றேன். கேஸ் சிலிண்டர்க்காரன் என்றாள்.

அ.விடம் கல்யாணம் முடிந்தபின் பேசலாம். இப்போது மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

27, புதன்

கால் இல்லை. இடுப்பு இல்லை. 640 படம்.

நெம்பு ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. ஒவ்வொரு பத்துப் படத்துக்கும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி. சுற்றி என்ன நடந்தது, யார் வந்தார்கள், ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா மூன்று தடவை வந்து, கொஞ்சம் லைட்டு போட்டு எடும்மா, பொண்ணு மங்கலாத் தெரியுது என்றது. நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை திரும்பி, அவ அப்படித்தாம்மா இருப்பா, எனக்கு நல்லாத் தெரியுது என்று சொல்லிவிட்டார். செலின் சிரித்தாள். அதை எடுத்துவிட்டேன். இந்த ஒரு படம் போதும்.

பிரியாணி. பாதி சாப்பிடும்போதே கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தூக்கம்.

28, வியாழன்

மேகம். காற்று மறுபடி. துணியை உள்ளேயே காயப்போட்டேன்.

காலையிலேயே கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளிச்சம் எல்லாம் சரி. சேலையின் மடிப்பு தெரிகிறது, முகமும் தெரிகிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன். யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

214. தாலி கட்டி முடித்து இரண்டு பேரும் கோயில் வாசலுக்கு வருகிற படம். பின்னால் வலது ஓரத்தில் தூண். தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஆள். பெரிதாக்கினேன்.

அண்ணன்.

வெள்ளைச் சட்டை. தோளில் பழைய பை. கழுத்தில் அவனுடைய ஃபிலிம் கேமரா, மூடி கழற்றித் தயாராக. எல்லாரும் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள், அவன் என் கையைப் பார்க்கிறான்.

முன்னும் பின்னும் தேடினேன். 188-ல் ஜன்னலுக்கு வெளியே ஒரு தோளும் அதே பைவாரும். 305-ல் மரத்தடியில் நிறுத்திய பைக், அவன் பைக். அதற்கப்புறம் எதிலும் இல்லை.

செலின் வீட்டில் அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். முகூர்த்த நாளில் கடையைப் பூட்டிவிட்டு, கூப்பிடாத கல்யாணத்தில், ஒரு வாய் சாப்பிடாமல் நின்றிருக்கிறான்.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், கேஸ் சிலிண்டர் எந்த ஊரில் ஒன்பதரைக்கு வருகிறது என்று கேட்டேன். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

“‘கேமரா மக்கர் பண்ணா கூப்புடுவா, பக்கத்துல ஆள் இருக்கணும்ல’ன்னான். நீ கூப்புடல. நல்லா வருது போலன்னு கெளம்பி வந்துட்டானாம்.”

கேமரா சரியாகிவிட்டது என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே சொல்லியிருக்கலாம். ஒரு போன்.

214-ஐத் திரும்பப் பார்த்தேன். அண்ணன் நல்ல கறுப்பு. எங்கள் எல்லாருக்கும் உள்ள கறுப்புத்தான். கடையில் மாட்டியிருக்கும் அவன் படத்தில் இந்த முகம் இல்லை, அதை அவனே கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கினான். இதில் நெற்றியில் வேர்வைகூடத் தெரிகிறது.

ஒன்றையும் திருத்தவில்லை. லேபில் கொடுத்து ஒரு பிரிண்ட் போட்டுவிட்டேன். அதுவும் கை மீட்டரும் பையில் இருக்கின்றன. நாளைக் காலை அண்ணன் கடை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்கிறேன்.